கணினியும் நாமும்: படக்கதைத் தளத்தின் முகப்பு



மின்னஞ்சல் அனுப்புவது, தமிழில் தட்டச்சுச் செய்வது போன்ற விடயங்களை இப்பகுதியில் முன்னர் பார்த்திருக்கிறோம். இம்முறை சற்று வித்தியாசமான ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். தன் கதையைப் படமாகக் கீறும் ஒரு பெண், அதற்கென ஓர் இணையத்தளத்தை எப்படி வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதே அது. "எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதை எழுதத் தூண்டியவர் உங்களைப் போன்ற ஒருவர்தான்.

எங்கள் மாலை நேரக் கணினி வகுப்புக்கு வரும் தங்கை அவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2009 மே மாதத்தின் பின்னர் அவருடைய கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அப்போது இரண்டு வயதாக இருந்த மகன் இப்போது உயர்தரப் பரீட்சையும் எழுதிவிட்டான். பகலில் தையல் வேலை. இரவில் மாமியார் படுத்த பிறகு, சி.ஆர். கொப்பி ஒன்றில் கறுப்புப் பேனையால் கட்டம் கட்டமாகப் படம் கீறுவார். உழவு இயந்திரப் பெட்டியில் பாத்திரங்களோடு ஏற்றிய தையல் மெஷின், மழைக்குள் ஒழுகும் தறப்பாள் கொட்டில், பதுங்குகுழி வாசலில் அடைகாத்த கோழி என்று ஐந்து கொப்பிகள் நிறைந்துவிட்டன.

இவற்றைத் தளமாகப் போடலாம் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய சந்தோசம். இரண்டு நாட்களிலேயே இலவசத் தளமொன்றைத் திறந்து, அங்கே கிடந்த அலங்காரங்களில் ஒன்றைத் தெரிந்து போட்டுவிட்டார். கறுப்புப் பின்னணி. கருஞ்சிவப்பு எழுத்து. இரண்டு பக்கமும் அசைந்து எரியும் விளக்கு. மேலே நீள்வட்டத்துக்குள் கணவரின் படம். தளத்தைத் திறந்தவுடனே சோகமான புல்லாங்குழல் இசை.

அன்றிரவே மாமியாரிடம் போனில் காட்டியிருக்கிறார். அந்த அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாராம்: "இதென்ன பிள்ளை, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு? அவன் செத்துப்போனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" போனைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போனவர் இரண்டு நாட்களாக மருமகளோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்த தங்கை அழுதுவிட்டார். "அக்கா, நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை. அந்தத் தீமிலை அப்பிடித்தான் கிடந்தது."

சகோதரிகளே, இந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் பாடம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கதையை ஒருவர் வாசிக்கத் தொடங்கும் முன்னரே உங்கள் தளத்தின் நிறமும் அமைப்பும் ஒரு கதையைச் சொல்லிவிடுகின்றன. ஆகவே யாரோ செய்து வைத்ததை அப்படியே எடுத்துப் போடாமல், அதை எமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

எளிய கோடுகளுக்கும் இடமுண்டு

"எனக்கு வடிவாகக் கீற வராது" என்று தயங்குபவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்கரான ராண்டல் மன்ரோ 2005 இல் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' என்ற இணையப் படக்கதையில் வரும் மனிதர்கள் வெறும் குச்சி உருவங்கள்தான். அதை உலகமெங்கும் வாசிக்கிறார்கள். ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி, புரட்சிக்கும் போருக்கும் இடையில் கழிந்த தனது சிறுவயதை 'பெர்செபொலிஸ்' என்ற நூலாகக் கீறினார். 2000 ஆம் ஆண்டு முதல் பிரான்சில் வெளிவந்த அந்த நூலில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை.

எங்கள் வன்னியைப் பற்றியும் ஒரு படநூல் உண்டு. போர்க்காலத்தில் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் படம் கீற, 'வன்னி' என்ற பெயரிலேயே 2019 இல் ஆங்கிலத்தில் வெளியானது. உண்மையில் வாழ்ந்தவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு, அவற்றைக் கற்பனைக் குடும்பம் ஒன்றின் கதையாக அமைத்திருக்கிறார்கள். வாக்குமூலம் தந்தவர்கள் அடையாளம் காணப்படாமல் இருப்பதற்கும் அது உதவும். இந்த வழியை நாமும் பின்பற்றலாம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முகப்பில் எதை வைப்பது?

பெரும்பாலான இலவசத் தளங்கள் நாட்குறிப்புப் போல அமைந்தவை. கடைசியாகப் போட்டது மேலே நிற்கும், பழையது கீழே போய்விடும். எக்ஸ்கேசிடி போன்ற தளத்துக்கு இது பொருந்தும். அங்கே ஒவ்வொரு படக்கதையும் தனித்தனி நகைச்சுவை. எதிலிருந்தும் தொடங்கலாம். தொடராகச் சொல்லும் வாழ்க்கைக் கதைக்கு இது பொருந்தாது. புதிதாக வருபவர் பத்தாம் அத்தியாயத்தில் விழுந்து, யார் எவர் என்று விளங்காமல் திரும்பிப் போய்விடுவார்.

ஆகவே தளத்தின் அமைப்புப் பகுதிக்குள் சென்று, முகப்பில் புதிய பதிவுகளுக்குப் பதிலாக நிலையான ஒரு பக்கம் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கான தெரிவு உண்டு. அந்தப் பக்கத்தில் மூன்று விடயங்கள் போதும்: கதையின் பெயர், இது எதைப்பற்றியது என்று இரண்டு வரி, "இங்கிருந்து தொடங்குங்கள்" என்ற பெரிய பொத்தான்.

ஒவ்வொரு கதைப் பக்கத்தின் அடியிலும் நான்கு பொத்தான்கள் வேண்டும். முதற்கதை, முந்தைய கதை, அடுத்த கதை, புதிய கதை. இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலர் "முன்", "பின்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். "முன்" என்றால் முன்னேறிப் போவதா, முன்னர் வந்ததற்குத் திரும்புவதா? வகுப்பில் பரீட்சித்துப் பார்த்தபோது பாதிப்பேர் பிழையான பொத்தானை அழுத்தினார்கள். "முந்தைய கதை", "அடுத்த கதை" என்று முழுதாக எழுதினால் குழப்பமில்லை. படம் முடியும் இடத்திலேயே, பெருவிரலுக்கு எட்டும் அளவில் பொத்தான்கள் இருக்கட்டும்.

தானாக ஒலிக்கும் இசையை நிறுத்திவிடுங்கள். வாசிப்பவர் பஸ்ஸில் இருக்கலாம், வைத்தியசாலை வரிசையில் இருக்கலாம். அசையும் விளக்கு, உதிரும் பூ எல்லாம் கண்ணை இழுத்துக் கதையை மறைப்பதோடு, வாசிப்பவரின் டேட்டாவையும் சாப்பிடும். ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் போடுபவர்களும் எங்கள் வாசகிகள்தான்.

போனுக்குள் அடங்க வேண்டும்

கொப்பியில் நாம் ஒரு வரிசைக்கு மூன்று அல்லது நான்கு கட்டம் கீறுவோம். அதை அப்படியே படமெடுத்துப் போட்டால் போன் திரையில் ஒவ்வொரு கட்டமும் தபால் முத்திரை அளவில்தான் தெரியும். எங்கள் ஊரில் இணையத்தைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறோம். ஆகவே திரையின் அளவுக்குக் கதையை மாற்ற வேண்டும்.

இதற்கு இலகுவான ஒரு வழி. உங்கள் போனை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு கீறுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு கட்டம் மட்டும் கீறி, பேச்சுக் குமிழிக்குள் எழுத்தையும் எழுதுங்கள். கண்ணாடி போடாத உங்கள் அம்மாவுக்கு அது வாசிக்க முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் எழுத்தின் அளவு.

பழைய படங்களைத் திரும்பக் கீறத் தேவையில்லை. ஸ்கான் செய்து, கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். தென்கொரியாவில் வளர்ந்த 'வெப்டூன்' எனப்படும் படக்கதைகள் இப்படித்தான் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. படத்தின் அகலத்தை 800 பிக்சல் அளவில் வைத்தால் போனுக்குத் தெளிவாக இருக்கும். பாரமும் குறையும். சந்தியில் உள்ள கொமியூனிகேஷனில் ஸ்கான் செய்பவர்கள், வேலை முடிந்ததும் அவர்களுடைய கணினியிலிருந்து உங்கள் படங்களை அழிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

கட்டங்களுக்கு இடையில் விடும் இடைவெளியும் கதையின் ஒரு பகுதிதான். ஸ்கொட் மெக்ளவுட் என்பவர் 1993 இல் எழுதிய படக்கதை பற்றிய நூலில் இதை விரிவாக விளக்குகிறார். இரண்டு கட்டங்களுக்கு இடையில் நடந்ததை வாசிப்பவரே மனதுக்குள் நிரப்பிக்கொள்கிறார் என்பது அவரது விளக்கம். கீழ்நோக்கி ஓடும் தளத்தில் இந்த இடைவெளியை வேண்டிய அளவு நீட்டலாம். எங்கள் தங்கை, கணவர் தண்ணீர்க் கானோடு புறப்படும் கட்டத்துக்குப் பிறகு ஒரு திரை நிறைய வெறுமையாக விட்டிருக்கிறார். அதன் பின்னர் பிள்ளையோடு அவர் தனியே குந்தியிருக்கும் கட்டம் வருகிறது. நடுவில் ஒரு சொல்லும் இல்லை. வகுப்பில் அதைப் பார்த்த எவரும் "என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை.

நிறமும் எழுத்தும்

பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான வேறுபாடு போதுமானதாக இருக்க வேண்டும். சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டலின்படி சாதாரண எழுத்துக்கு இந்த வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். கறுப்பின் மேல் கருஞ்சிவப்பு இதற்குக் கிட்டவும் வராது. கணக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், நண்பகல் வெயிலில் முற்றத்தில் நின்று போனைப் பாருங்கள். அங்கே வாசிக்க முடிந்தால் போதும். வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளைப் பின்னணியில் கறுப்பெழுத்து ஒருபோதும் கைவிடாது. பொத்தானுக்கும் தலைப்புக்கும் வேண்டுமானால் இன்னொரு நிறம். மூன்றாவது நிறம் வேண்டியதில்லை.

எங்களில் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால், மற்றவர்களுக்கு விளங்காத ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே போடவேண்டும். இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'நோட்டோ சான்ஸ் தமிழ்', 'முக்த மலர்' போன்ற யுனிகோட் எழுத்துருக்களையும் இலவசமாகப் பெறலாம். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்தைவிட வரிகளுக்கிடையில் கூடுதலாக இடம்விடுங்கள். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

கையெழுத்தில் எழுதிய பேச்சுக் குமிழிகள் அழகுதான். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் தேடலில் கண்டுபிடிப்பது கடினம். கண்பார்வை இழந்த எங்கள் சகோதரிகள் போனில் பாவிக்கும், திரையைப் படித்துக் காட்டும் வசதியும் அதை ஒழுங்காக வாசிக்காது. படத்தை ஏற்றும்போது "மாற்று உரை" என்றொரு பெட்டி வரும். அதில் கட்டத்தில் இருப்பதையும் பேசுவதையும் இரண்டு வரியில் தட்டச்சுச் செய்துவிடுங்கள். போரில் கண்ணை இழந்த ஒருவருக்கு உங்கள் கதை போய்ச் சேர இதுதான் வழி.

யாரைக் காட்டுவது, எதை மறைப்பது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். எங்கள் கதையில் நாங்கள் மட்டும் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர், கூட ஓடிவந்தவர், இன்று திருமணமாகி வேறு ஊரில் வாழ்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். தங்கை கீறிய ஒரு கதையில், முகாமில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த துன்பம் வருகிறது. அந்தப் பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டபோது, "எனக்கு இப்ப இரண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு, அக்கா. வேண்டாம்" என்றாராம். பதினான்கு கட்டம் கொண்ட அந்தக் கதையைத் தங்கை தளத்தில் போடவில்லை. கொப்பியில் மட்டும் இருக்கிறது. அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

அனுமதி கிடைத்தாலும் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். முன்னர் சொன்ன வன்னி நூலைப் போல, இரண்டு மூன்று பேரின் அனுபவங்களை ஒரே பாத்திரத்துக்குள் சேர்க்கலாம். போனில் படமெடுத்துப் போடுபவர்கள், கமராவின் அமைப்பில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எந்த வீட்டிலிருந்து படமெடுத்தீர்கள் என்பது அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். "என்னைப் பற்றி" என்ற பக்கத்தில் தொலைபேசி இலக்கம் வேண்டாம். தளத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்துகொள்ளுங்கள். பணம் கட்டிச் சொந்தப் பெயரில் தளம் பதிபவர்கள், பதிவுதாரரின் விலாசம் பகிரங்கமாகத் தெரியுமா என்று முதலிலேயே கேட்டு, மறைக்கும் வசதியைப் பெறுங்கள்.

கடுமையான காட்சி வரும் பக்கங்களுக்கு முன் ஒரு வெற்றுப் பக்கம் வையுங்கள். "அடுத்த பக்கத்தில் குண்டுவீச்சுக் காட்சி உண்டு. தவிர்க்க விரும்புவோர் இதை அழுத்தவும்" என்று எழுதி, அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தானும் கொடுங்கள். எங்களைப் போன்ற ஒருத்திதான் அதை வாசிக்கப்போகிறாள். எதிர்பாராமல் அதன்மேல் விழுந்தால் அவளுக்கு அன்றிரவு நித்திரை வராது.

அழிந்து போகாமல் காப்பது

இலவசச் சேவைகள் என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பக்கூடாது. ஒருகாலத்தில் எத்தனையோ பேர் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' சேவையை யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. வைத்திருந்தவர்களில் பிரதி எடுக்காதவர்கள் இழந்துபோனார்கள். இடம்பெயரும்போது அல்பங்களைத் தொலைத்த எங்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூலக் கொப்பிகளை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். ஸ்கான் செய்த கோப்புகளை ஒரு பென்டிரைவிலும், நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். தளத்தின் அமைப்பை மாற்றும் முன்னர் இருப்பதை ஒரு பிரதி எடுங்கள். புளொகரிலும் வேர்ட்பிரஸிலும் அதற்கு வசதியுண்டு. புதிய தீம் ஒன்றை உடனே போட்டுவிடாமல், எப்படித் தெரியும் என்பதை முன்னோட்டத்தில் பார்த்து, அதன் பின்னரே வெளியிடுங்கள்.

தங்கையின் தளம் இப்போது

விளக்கு போய்விட்டது. கறுப்பும் போய்விட்டது. பின்னணி சி.ஆர். கொப்பித் தாளின் நிறம். தலைப்பைத் தன் கையெழுத்திலேயே எழுதி ஸ்கான் செய்து போட்டிருக்கிறார். பொத்தான்களை ஒழுங்குபடுத்தியவன் மகன். முகப்பில் அப்பாவின் படத்தை வைப்பதா என்று தாய் கேட்டபோது, "வேண்டாம் அம்மா, கதைக்குள்ளை வரட்டும்" என்று சொன்னவனும் அவன்தான். ஆகவே கணவர் முதற்கதையின் முதற்கட்டத்தில் வருகிறார். முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிள் செயின் பூட்டுகிறார். அவ்வளவுதான்.

மாமியாரிடம் திரும்பவும் போனைக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா பெருவிரலால் மெல்ல மெல்லத் தள்ளிக் கடைசிவரை பார்த்துவிட்டு, முதற்கட்டத்துக்குத் திரும்பி வந்து சொன்னாராம்: "அவன் இடக்கையன் எல்லோ. குறடு மற்றக் கையிலை வேணும்."

தங்கை அன்றிரவே அந்தக் கட்டத்தை மாற்றிக் கீறி, மறுநாள் வகுப்பில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். இப்போது மாமியார் இரவில் படுக்கப் போவதில்லையாம். பக்கத்தில் இருந்து, யார் எந்தக் கையால் என்ன செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஆறாவது கொப்பி தொடங்கியாயிற்று.

உங்கள் அலுமாரிக்குள்ளும் ஒரு கொப்பி கிடக்கலாம். இன்றிரவு போனைத் தாளில் வைத்து அந்தக் கோட்டை மட்டும் கீறிப் பாருங்கள். படத்தை அளவு குறைத்து வெட்டி அடுக்கும் முறையைப் படிப்படியாக அடுத்த மாதம் பார்ப்போம்.

அதுவரை விடைபெறுகிறேன்.